பெயர் ஒன்று இருந்தால் போதும்

குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் லைப்ரரி என்றால் அது புத்தகம் அடுக்கிய அறை அல்ல, ஓர் ஆள். மூன்றாம் மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கணினிக்கு நிரல் எழுதுகிறவர். எதைச் செய்யச் சொன்னாலும், “அது லைப்ரரியிலேயே இருக்கு சார், நாம புதுசா எழுத வேண்டாம்” என்பார். முகம் தெரியாத யாரோ புண்ணியவான்கள் எழுதி வைத்துவிட்டுப் போன நிரல்களின் மூட்டைக்கு அவர் தொழிலில் லைப்ரரி என்று பெயர். மூட்டையைப் பிரித்து, வேண்டியதை எடுத்து, நம் வசதிக்கு ஏற்ப நாலைந்து வரிகளை அமைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. இதை அவர் வாரியத்தில் எல்லாருக்கும் விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு மாடியேறி வந்து வாரப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், இப்போது நாலு பத்திரிகை வாங்கி மேஜையில் போட்டு வைத்திருக்கிறார். லைப்ரரியார் என்ற பட்டம் அப்படித்தான் நிலைத்தது.

நல்ல மனிதர். அவர் இருப்பது ஓரிடம், உயிர் இருப்பது வேறிடம் என்பதுதான் அவருடைய ஒரே கஷ்டம். மனைவி மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐந்து வயது மகளும் அங்கேதான். அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை அப்பா என்பவர் போனுக்குள் குடியிருக்கிறவர். போன் சார்ஜில் கிடந்தால், “அப்பா சாப்பிடறாரு, யாரும் தொடாதீங்க” என்று வீட்டுக்கு வந்தவர்களை அதட்டுவாளாம். மனைவி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். லைப்ரரியாரும் சிரித்தார். பிறகு போனை வைத்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். மறுநாள் காலையில் மலையடிவாரக் கிளைக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டார்.

மனு போய்ச் சேர்ந்தது தகவல் பாதுகாப்புப் பிரிவின் தலைவரிடம். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் பூட்டு. அவர் அறைக் கதவில் மூன்று பூட்டுகள் தொங்கும். சாவிகள் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றைக் கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டியிருப்பார்.

“உங்களுக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர் வேணும்” என்றார் பூட்டு. “எனக்கும் ஒரு ட்ரான்ஸ்ஃபர் வேணும். மலையடிவாரக் கிளையிலேருந்து ஏரித் தண்ணியோட பரிசோதனை முடிவு தினமும் நமக்கு வருதில்ல, அந்த ஃபைல் ட்ரான்ஸ்ஃபர். அது திறந்த மேனியா வந்துட்டிருக்கு. அதைப் பூட்டிக் கொண்டு வாங்க. அது ஓடின அன்னைக்கே உங்க ட்ரான்ஸ்ஃபர்ல கையெழுத்து.”

நியாயமான பேச்சுதான். பரிசோதனை முடிவு கம்பி வழியே தபால் அட்டை மாதிரி வந்துகொண்டிருந்தது. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்தால்கூடப் பரவாயில்லை, கலங்கல் என்று இருப்பதைத் தெளிவு என்று திருத்தியும் விடலாம், ஊர் பூராவும் அதைக் குடிக்கும். இதற்கான மருந்து லைப்ரரியிலேயே இருந்தது. செய்தியை யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பு என்று ஒரு வரி. எதிரே இருக்கும் கணினியிடம் சான்றிதழ் கேள் என்று ஒரு வரி. யார் கையெழுத்துப் போட்ட சான்றிதழை நம்பலாம் என்று ஒரு வரி. சான்றிதழில் உள்ள பெயரைச் சரிபார் என்று ஒரு வரி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று லைப்ரரியார் கணக்குப் போட்டார். வாரியத்தில் பத்து வருஷம் குப்பை கொட்டியவர் அப்படிக் கணக்குப் போட்டிருக்கக் கூடாது.

ஏனென்றால் பாதுகாப்புப் பிரிவின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் ஒரு வரியையும் தொடக் கூடாது என்பது விதி. ‘பொருள்: பாதுகாப்பான இணைப்பு கோருதல்’ என்று தலைப்பிட்டு விண்ணப்பம் எழுதினார். வழக்கப்படி கடிதத்தின் அடியில் ‘இணைப்பு: இல்லை’ என்று முடித்தார். விண்ணப்பம் திரும்பி வந்தது. அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரே வரி: ‘இணைப்பு இல்லை.’

பிரிவின் எழுத்தரம்மாவிடம் போய் நின்றார்.

“இணைப்பு இல்லைன்னு திருப்பிட்டீங்களேம்மா.”

“இல்லையே சார்.”

“இல்லைன்னுதானேம்மா கேட்டிருக்கேன். இருந்தா எதுக்குக் கேக்கப் போறேன்?”

“மேல இணைப்பு வேணும்னு எழுதியிருக்கீங்க. கீழ இணைப்பு இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரே தாள்ல ரெண்டு விதமா பேசினா நாங்க எதை சார் நம்பறது?”

“அந்த இணைப்பு வேற, இந்த இணைப்பு வேற.”

“ரெண்டு இணைப்பா? அப்ப ரெண்டு மனுவா போடுங்க.”

லைப்ரரியார் யோசித்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதன் தலையில் ‘இணைப்பு’ என்று எழுதி, மனுவோடு குண்டூசியால் குத்திக் கொடுத்தார். அதுவும் திரும்பியது. ‘இணைப்பு உள்ளது. ஆனால் பாதுகாப்பாக இல்லை.’ குண்டூசி என்றால் கழன்று விழுமாம். மறுபடி ஒரு தாள் எடுத்து, நாலு மூலையிலும் ஸ்டேப்ளர் அடித்து, சுற்றிலும் பசை நாடா ஒட்டி, அதை ஓர் உறைக்குள் போட்டு உறைக்கும் அரக்கு வைத்துக் கொடுத்தார். எழுத்தரம்மா அதைக் குலுக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு திருப்தியாக முத்திரை குத்தினார். ‘பாதுகாப்பான இணைப்பு பெறப்பட்டது.’ அந்த வெற்றுத் தாள் இன்றைக்கும் வாரியத்தின் இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

அடுத்து நெறிமுறைக் குழு. இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசும் முறைக்கு நெறிமுறை, அதாவது புரோட்டோகால், என்று லைப்ரரியார் மனுவில் எழுதியிருந்தார். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எழுத்தரம்மா வாரியத்தின் மரபு அலுவலருக்குத் தாக்கீது அனுப்பிவிட்டார். மரபு அலுவலர் என்பவர், பெரிய மனிதர்கள் வந்தால் யாருக்கு எந்த நாற்காலி, யார் முதலில் நுழைவது, யாருக்குப் பெரிய மாலை என்பதைத் தீர்மானிக்கும் அம்மையார். ஒருமுறை இரண்டு பொறியாளர்களில் யார் முதலில் லிஃப்டில் ஏறுவது என்ற சிக்கலை, இருவரையும் படியில் ஏறச் சொல்லித் தீர்த்து வைத்தவர்.

லைப்ரரியார் குழுவுக்கு விளக்கினார்.

“முதல்ல ரெண்டு மெஷினும் கைகுலுக்கும். கிளையில இருக்கற மெஷின் ஹலோ சொல்லும். நம்ம மெஷின் பதிலுக்கு ஹலோ சொல்லி, தன்னோட சான்றிதழைக் காட்டும். கிளை மெஷின் அதைப் பார்த்துத் திருப்தியானாதான் மேற்கொண்டு பேச்சு.”

மரபு அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார்.

“யாரு யாருகிட்ட சான்றிதழ் காட்டறது?”

“தலைமை அலுவலகம், கிளைகிட்ட.”

“அதாவது, நாம யாருன்னு கிளைகிட்ட நாம நிரூபிக்கணும்.”

“ஆமாங்க.”

“கிளை அதைப் பார்த்துத் திருப்தி ஆகணும்.”

“ஆமாங்க.”

“ஆகலைன்னா?”

“பேசாதுங்க.”

முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு அநாகரிகத்தைக் கேட்டதில்லை என்று மரபு அலுவலரின் முகம் சொன்னது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் தானாக முதலில் கை நீட்டலாமா என்பது முதல் கேள்வி. நீட்டக் கூடாது என்றால் தலைமை அலுவலகம் முந்திக்கொண்டு நீட்ட வேண்டும், அது அதைவிடக் கேவலம். கிளை முதலில் எழுந்து நிற்கட்டும், தலைமை உட்கார்ந்தபடியே கை கொடுக்கட்டும் என்று ஒரு சமரசம் வந்தது. கணினி எழுந்து நிற்காது என்று லைப்ரரியார் பணிவாகச் சொன்னார். இதை யோசிக்கக் குழு பல தடவை கூடியது. ஒவ்வொரு தடவையும் பிஸ்கட் தீர்ந்ததும் கலைந்தது. முடிவில் கூட்டக் குறிப்பில் இப்படி எழுதினார்கள்: ‘கைகுலுக்கலுக்கு முன் கிளைக் கணினி எழுந்து நின்றதாகக் கருதப்படும்.’

இதற்குள் மகளுக்குப் பால்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருந்தது. அதை அவள் போனில் காட்டினாள். அவருக்குக் கண்ணுக்கு எட்டியது கைக்கு எட்டவில்லை.

சான்றிதழ் விஷயத்துக்கு வந்ததும் பூட்டே நேரில் தலைமை தாங்கினார். யார் கையெழுத்துப் போட்ட சான்றிதழை நம்புவது என்பது கேள்வி. வெளியில் இதற்கென்றே நம்பகமான அமைப்புகள் இருக்கின்றன, அவர்கள் விசாரித்துக் கையெழுத்துப் போடுவார்கள் என்றார் லைப்ரரியார். தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளும் சான்றிதழும் உண்டு, ஆனால் அதை உலகத்தில் யாரும் மதிப்பதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். பூட்டுக்கு இது சுருக்கென்று பட்டது.

“ஏன் மதிக்கறதில்ல? இந்தக் கட்டடத்துல எல்லாத்துக்கும் நான்தான் கையெழுத்துப் போடறேன். உங்க நன்னடத்தைச் சான்றிதழ்ல நான்தான். உங்க மேலதிகாரியோடதுல நான்தான். என்னோட நன்னடத்தைச் சான்றிதழ் வேணும்னப்ப யார் போட்டாங்க? நான்தான் போட்டுக்கிட்டேன். எனக்கு என்னைத் தெரிஞ்ச அளவுக்கு வெளியாளுக்கு என்ன தெரியும்? நான் நல்லவன்னு நானே எழுதினேன், நானே படிச்சேன், எனக்கு முழுத் திருப்தி. இன்னைய தேதிவரைக்கும் அதுல ஒரு புகார் வந்ததில்ல. வந்தாலும் எனக்குத்தான் வரணும்.”

எனவே கட்டடத்திலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் பூட்டின் கையெழுத்தில் சான்றிதழ் வழங்குவது என்று முடிவானது. பாரபட்சம் கூடாது என்பதால் ஒன்றையும் விடவில்லை. சம்பளப் பிரிவுக் கணினி, வாசலில் வருகைப்பதிவு இயந்திரம், கேன்டீனில் பில் அடிக்கும் இயந்திரம் என்று எல்லாவற்றுக்கும் சான்றிதழ், எல்லாவற்றிலும் கோப்பு வாங்கிக்கொள்ளும் நிரல். ஒரு சின்ன விழா எடுத்து வழங்கினார்கள். பில் இயந்திரத்துக்காகக் கேன்டீன்காரர் மேடையேறி வாங்கிக்கொண்டார்.

பாக்கி ஒரே ஒரு வரி, பெயரைச் சரிபார்ப்பது. அந்த லைப்ரரியில் அந்த வரிக்கு மூன்று விதமாக எண் கொடுக்கலாம். பூஜ்யம் கொடுத்தால் பெயரையே பார்க்காது. ஒன்று கொடுத்தால், சான்றிதழில் பெயர் என்று ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இரண்டு கொடுத்தால், நாம் தேடி வந்த பெயரும் இருக்கிற பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, இரண்டுதான் என்று லைப்ரரியார் சொல்லி வாய் மூடவில்லை, பூட்டு சிரித்தார்.

“பூஜ்யம்னா அலட்சியம். அதை நான் ஒருநாளும் அனுமதிக்க மாட்டேன். ரெண்டுன்னா சந்தேகம். பேரு இருக்கா? இருக்கு. அது நிஜமா உன் பேருதானான்னு கேக்கறது மரியாதைப்பட்டவங்க செய்யற வேலையா? ஒண்ணுதான் நடுநிலை. ஒண்ணே வையுங்க.”

“சார், ஒண்ணு வச்சா பேரு இருக்கற எந்த மெஷின் வந்து நின்னாலும் கதவைத் திறந்துடும் சார்.”

“வாசல்ல காவலாளி என்ன பார்க்கறார்? கழுத்துல அட்டை தொங்குதான்னு பார்க்கறார். அட்டையில யார் மூஞ்சின்னா பார்த்துட்டிருக்கார்? இதோ பாருங்க.” பூட்டு தன் கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் மீசை வைத்த வேறொருவர் முறைத்துக்கொண்டிருந்தார். “இவர் எனக்கு முன்னால இந்த நாற்காலியில இருந்தவர். ரிட்டயர் ஆகும்போது விட்டுட்டுப் போயிட்டார். நான் வந்ததுலேருந்து இதைத்தான் போட்டுக்கறேன். ஒரு நாள் ஒருத்தர் நிறுத்தினதில்ல. பாதுகாப்புன்னா இப்படித் தடங்கல் இல்லாம இருக்கணும்.”

லைப்ரரியார் ஒன்று என்றே வைத்தார். மகளின் ஆடுகிற பல்தான் அவர் கண்ணுக்குள் நின்றது.

தொடக்க விழாவுக்குப் பெரிய திரை கட்டினார்கள். மலையடிவாரக் கிளையின் கணினி எழுந்து நின்றதாகக் கருதப்பட்டது. பூட்டு பொத்தானை அழுத்தினார். திரை பச்சையாக மாறி, ‘இணைப்பு வெற்றி. பாதுகாப்பானது’ என்றது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. இனி இந்த ஏரித் தண்ணீரைப் பற்றி ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது என்று பூட்டு உரையாற்றினார்.

அது அட்சரம் பிசகாமல் உண்மையாயிற்று. மாடியில் தரப்பரிசோதனைப் பிரிவின் கெமிஸ்ட் அம்மா, கோப்பு இப்போது வரும் அப்போது வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அவர் போன் பண்ணிக் கேட்டதும் லைப்ரரியார் தேட ஆரம்பித்தார். கெமிஸ்ட் அம்மாவின் பிரிவு சமீபத்தில்தான் கீழிருந்து மாடிக்கு மாறியிருந்தது. அவர்களுடைய பழைய கணினி முகவரியைச் சும்மா கிடக்கிறதே என்று யாரோ கேன்டீனின் பில் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஏரியின் கோப்பு அந்தப் பழைய முகவரியைத் தேடிப் போயிருக்கிறது. அங்கே பில் இயந்திரம் சான்றிதழோடு நின்றிருக்கிறது. சான்றிதழ் உண்டா, உண்டு. பூட்டின் கையெழுத்து உண்டா, உண்டு. பெயர் என்று ஒன்று உண்டா, உண்டு, ‘கேன்டீன்’. கிளைக் கணினி அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்காமல் ஏரியை ஒப்படைத்துவிட்டது. வழியில் ஒருத்தராலும் திருட முடியாதபடி, மிக மிகப் பத்திரமாகத் தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

லைப்ரரியார் கேன்டீனுக்கு ஓடினார். கேன்டீன்காரர் பில் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

“தம்பி, நல்ல நேரத்துல வந்தே. கலங்கல் ரெண்டு, குளோரின் அரைன்னு ஆர்டர் வந்திருக்கு. எந்த டேபிள்னு போடலை. கலங்கல்னா டிகாஷனைக் கொஞ்சம் வண்டலோட ஊத்தறதுதான்னு நெனச்சு ரெண்டு கப் போட்டு வச்சுட்டேன். ஆனா இதென்ன, காரத்தன்மை ஏழுன்னு இருக்கு? ஏழு காரம் போட்டா நாக்கு என்னத்துக்கு ஆகும்? யாரு தம்பி அந்த ஆளு?”

“அது ஏரிங்க” என்றார் லைப்ரரியார்.

“ஏறி வந்து குடிக்கட்டும், வேணாங்கலை. காரம் மட்டும் குறைச்சுக்கச் சொல்லு.”

லைப்ரரியார் நேரே பூட்டின் அறைக்குப் போனார். சொன்னால் விழா பொய்யாகும், விழா பொய்யானால் மாற்றலும் போகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, அதில் தன் பெண்டாட்டி பிள்ளையும் அடக்கம் என்றும் தெரியும். நடந்ததைச் சொல்லிவிட்டார்.

பூட்டு பொறுமையாகக் கேட்டார்.

“வழியில யாராவது படிச்சாங்களா?”

“இல்ல சார்.”

“யாராவது திருத்தினாங்களா?”

“இல்ல சார்.”

“பத்திரமா போச்சா?”

“பத்திரமாதான் சார் போச்சு. தப்பான இடத்துக்குப் போச்சு.”

“இடம்ங்கறது நிர்வாகப் பிரச்சினை. பத்திரம்தான் என் பிரச்சினை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. கெமிஸ்ட் அம்மா டீ குடிப்பாங்களா?”

“குடிப்பாங்க சார்.”

“எங்க?”

“கேன்டீன்ல.”

“அப்ப என்ன பிரச்சினை?”

அன்றே சுற்றறிக்கை வந்தது. தரப்பரிசோதனைப் பிரிவினர் ஏரித் தண்ணீரின் முடிவுகளை டீயுடன் பெற்றுக்கொள்ள வேண்டும். கெமிஸ்ட் அம்மா அப்படியே செய்தார். பில் தாளில் டீ சொட்டிய இடத்தில் கலங்கல் இரண்டா ஏழா என்று தெரியாதபோது, கேன்டீன்காரரின் ஞாபகத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

வாக்குக் கொடுத்தபடி மாற்றல் உத்தரவும் வந்தது. அந்த விஷயத்தில் பூட்டைக் குறை சொல்ல முடியாது. ‘ட்ரான்ஸ்ஃபரை வெற்றிகரமாக முடித்தவருக்கு மலையடிவாரக் கிளைக்கு மாற்றல் வழங்குக’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். யார் முடித்தது என்று எழுத்தரம்மா விழா அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். ‘வெற்றிகரமாகப் பெற்றுக்கொண்டது: கேன்டீன்’ என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. மறுநாள் கேன்டீன்காரர் கையில் உத்தரவோடும் முகத்தில் கலவரத்தோடும் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார்.

“தம்பி, என்னை மலைக்கு மாத்திட்டாங்க. நிரலராம். நான் போண்டா போடுவேன், டீ போடுவேன், நிரல் எப்படிப்பா போடறது? எண்ணெயிலயா தண்ணியிலயா?”

லைப்ரரியார் உத்தரவை வாங்கிப் பார்த்தார். கேன்டீன்காரரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் பூட்டின் அறை.

“சார், உத்தரவு ஆள் மாறி வந்திருக்கு. திருத்தணும்.”

“திருத்தறதா?” என்றார் பூட்டு. “திருத்தினா முதல்ல போட்டது தப்புன்னு ஆகும். தப்புன்னா அதுல கையெழுத்துப் போட்டவர் தப்பு பண்ணினார்னு ஆகும். அவரோட நன்னடத்தைக்கு நான் சான்றிதழ் கொடுத்திருக்கேன். அப்புறம் அந்தச் சான்றிதழும் பொய்யாயிடும். ஒரு பேரைத் திருத்தப் போய் மொத்த வாரியத்தையும் இடிச்சுட முடியுமா?” பிறகு கேட்டார். “உத்தரவுல பேரு இருக்கா?”

“இருக்கு சார்.”

“உங்களுக்குப் பேரு இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்புறம் எதுக்கு நின்னுட்டிருக்கீங்க? கிளம்புங்க.”

கேன்டீன்காரர் உத்தரவை லைப்ரரியார் சட்டைப்பையில் செருகிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடிப்போனார்.

மலையடிவாரத்தில் கிளை அதிகாரி உத்தரவை ஆதியோடந்தமாகப் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். பெயர் இருக்கிறதா என்று பார்த்தார். அவரும் வாரியத்தில் வளர்ந்தவர்தான், அதற்குமேல் பார்க்கவில்லை.

“சேர்ந்துக்குங்க. உங்க டீயை அடிச்சுக்க ஆளே இல்லைன்னு தலைமையில சொன்னாங்க. முதல் வேலையா எல்லாருக்கும் ஒரு டீ போடுங்களேன்.”

அன்று அந்தக் கிளையில் குடிக்கப்பட்ட டீயைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை. அதிகாரி இரண்டு மடக்கு குடித்துவிட்டு, “நீங்க கம்ப்யூட்டர் பக்கமே இருங்க” என்றார். லைப்ரரியார் எதிர்பார்த்ததும் அதைத்தான். பெயரைச் சரிபார்க்கும் வேலை, கோப்பைக் கொண்டு போகிற கணினியுடையது, அது இந்தக் கிளையில்தான் இருந்தது. உட்கார்ந்து ஒன்றை அழித்து இரண்டு என்று போட்டார்.

“அதென்ன மாத்தறீங்க?” என்று பின்னாலிருந்து கேட்டார் அதிகாரி.

“ஒண்ணு இருந்தது சார். ரெண்டாக்கறேன்.”

“ஒண்ணைவிட ரெண்டு கூடத்தானே?”

“கூடத்தான் சார்.”

“அப்ப நல்லதுதான். கேட்டா என் யோசனைன்னு சொல்லுங்க.”

கணினி கேன்டீன் வாசல்வரை போய், நான் தேடி வந்த பெயர் இது இல்லை, தர முடியாது என்று பட்டென்று திரும்பி வந்துவிட்டது. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்து லைப்ரரியார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு முகவரியைச் சரியாகக் கொடுத்தார். ஏரி முதல்முறையாக மாடியேறிக் கெமிஸ்ட் அம்மாவிடம் போனது. அவர் உடனே போன் செய்தார். “என்னங்க, முடிவு நேரா எங்க மெஷினுக்கே வந்திருக்கு. நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டமா?” இல்லவே இல்லை என்று அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கதவு உள்ளே சங்கிலி மாட்டியிருந்தது. அழைப்பு மணியை அடித்ததும் சங்கிலி விட்ட இடைவெளியில் ஒரு கண் தெரிந்தது.

“யாரு?”

“அப்பா.”

“அப்பா போன்ல இருக்காரு.”

“அந்த அப்பாதான்மா. வந்துட்டேன்.”

“பேரு என்ன?”

பெயரைச் சொன்னார்.

“பேரு யாரு வேணா சொல்லலாம்” என்றது கண். “என் பொம்மைக்கு எந்தக் காது இல்ல?”

போனில் அவள் பொம்மையை எப்போதும் ஒரு பக்கமாகத்தான் காட்டியிருக்கிறாள். ஒரு குத்துமதிப்பாக, “வலது காது” என்றார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சமையலறையிலிருந்து மனைவி அடக்க மாட்டாமல் சிரிப்பது கேட்டது. திறந்துவிடுவாள் என்று பார்த்தார். அவள் வருகிற வழியாக இல்லை.

அவர் வாசற்படியில் பெட்டியின் மேல் உட்கார்ந்து போனை எடுத்துக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே மகள் முகம் திரையில் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“அப்பா, வெளிய ஒருத்தர் வந்திருக்காரு. நீங்கதான்னு சொல்றாரு.”

“அப்படியா? நல்லாப் பார்த்துக்கோம்மா. சும்மா விடாதே.”

கதவு மறுபடி சங்கிலி அளவுக்குத் திறந்தது. கையில் போனோடு மகள் இடைவெளியில் நின்றாள். “சிரிங்க” என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை, இருவரும் சிரித்தார்கள். “ஒரு கண்ணை மூடுங்க” என்றாள். போனில் இருந்தவரும் மூடினார், படியில் இருந்தவரும் மூடினார். அவள் போனைப் பார்த்தாள், இடைவெளி வழியே பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். அவசரமே படவில்லை. லைப்ரரியாருக்கு மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்தால் இரண்டும் பொருந்தாமல் போய்விடுமோ என்று அப்படியே இருந்தார்.

கடைசியில் அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனாள்.

“அப்பா, வந்திருக்கறது நீங்கதான். உள்ள விடட்டுமா?”

“விடும்மா” என்றார் அவர், போனில்.

சங்கிலி கழன்றது.